சாரல் ஊரில் சோற்றுக்கற்றாழை: தொட்டியில் வைப்பது முதல் எண்ணெய் காய்ச்சுவது வரை

செங்கோட்டையில் ஆனி பிறந்ததும் கணவாய்ப் பக்கமிருந்து காற்று திறந்துகொள்ளும். கூடவே சாரல். வெயிலும் தூறலும் மாறி மாறி வந்து, கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. அப்படி ஒரு சாரலில்தான் என் முதல் ஐந்து கற்றாழைத் தொட்டிகளும் போயின. சாலையோர நர்சரி ஒன்றில் சித்திரையில் வாங்கி, முற்றத்துச் சுவர் மேல் வரிசையாக வைத்து, மற்ற செடிகளுக்கு ஊற்றுகிற மாதிரி தினமும் ஒரு செம்பு ஊற்றி வந்தேன். ஆடியில் இலையெல்லாம் மஞ்சளாகிச் சரிந்தது. தாகம் போல என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

ஆரியங்காவிலிருந்து வந்திருந்த பெரியம்மை ஒரு இலையைத் தொட்டார். அடியோடு கையில் வந்துவிட்டது. நுனியில் பழுப்பு நிறக் கூழ், புளித்த வாடை. "ஏட்டி, இது தாகத்துல சாகல. நீ ஊத்தி ஊத்திக் கொன்னுருக்க" என்றார். அதன் பிறகு அவர் சொல்லிக் கொடுத்ததும், நான் வளர்த்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்த வழிகாட்டி. புளியரை, செங்கோட்டை, தென்காசி, மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை, புனலூர் என்று சாரலும் மழையும் அடிக்கிற ஊர்க்காரர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். பொதுவாகக் கிடைக்கும் குறிப்புகள் வறண்ட ஊருக்குப் பொருந்துபவை. அவற்றை அப்படியே இங்கே செய்தால் செடி அழுகும்.

முதலில் செடியைப் புரிந்துகொள்ளுங்கள்

சோற்றுக்கற்றாழையின் பூர்வீகம் அரேபியத் தீபகற்பத்தின் பாறை நிலம். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்வாங்கும். இது பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவுக் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்கிக்கொள்ளும். அதனால் நீர் ஆவியாவது மிகக் குறைவு. உள்ளே இருக்கும் சதையில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர்தான். கடைவாசலில் திருஷ்டிக்காக வேரோடு தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் கற்றாழை, மண்ணே இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக இருப்பது இதனால்தான்.

இரவில் இது பிராணவாயு விடும், அதனால் படுக்கையறையில் வையுங்கள் என்று பலர் சொல்கிறார்கள். இரவில் கரியமில வாயுவை வாங்குவது உண்மை. பிராணவாயு உண்டாக வெளிச்சம் வேண்டும். ஒரு தொட்டிச் செடியால் அறைக்காற்றில் நாம் உணரும்படியான மாற்றம் எதுவும் வராது. அழகுக்கும் கைமருந்துக்கும் வையுங்கள், அது போதும்.

வேர் ஆழமாகப் போகாது, மேலாகப் பக்கவாட்டில் பரவும். அந்த வேருக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். மண் நாலைந்து நாள் தொடர்ந்து ஈரமாக இருந்தால் வேர் மூச்சுத் திணறி, பூஞ்சை பிடித்து, கீழிருந்து அழுகத் தொடங்கும். நமக்கு அது வாடல் போலத் தெரியும். நாமும் தண்ணீர் ஊற்றுவோம்.

சரியான செடிதானா?

செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த ஊர். அதனால் எங்கள் வீடுகளில் கற்றாழை என்பதும் கற்றார்வாழ என்கிற மலையாளப் பெயரும் ஒன்றாகவே புழங்கும். சித்த மருத்துவத்தில் இதற்குக் குமரி என்று பெயர். பெயர் எதுவானாலும், வாங்கும்போது பார்க்க வேண்டியது சதையை. இலை தடித்து, சாம்பல் பூத்த பச்சையில், ஓரத்தில் சிறிய மெல்லிய முட்களோடு இருக்க வேண்டும். இளஞ்செடியில் வெள்ளைப் புள்ளிகள் இருப்பது இயல்பு. பூத்தால் மஞ்சள் நிறத்தில் நீண்ட தண்டில் பூக்கும்.

வேலியோரம் வளரும் ஆனைக்கற்றாழையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஆள் உயரத்துக்கு வளரும், நுனியில் ஊசி போன்ற முள் இருக்கும், வெட்டினால் சதைக்குப் பதில் நார் வரும். அதன் சாறு தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும். அலங்காரத்துக்காக விற்கும் குட்டைக் கற்றாழை வகைகளும் வேறு. அவற்றைத் தின்னவோ தேய்க்கவோ கூடாது. எது என்று உறுதியாகத் தெரியாத செடியை அழகுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல வழி, வீட்டில் வைத்துப் பயன்படுத்துகிற ஒருவரிடம் குட்டி கேட்டு வாங்குவது. என்னிடம் இப்போது இருப்பதெல்லாம் பெரியம்மை வீட்டுக் கிணற்றடித் தாய்ச்செடியின் பிள்ளைகள்தான்.

தொட்டியும் மண்ணும்

மண் தொட்டிதான் நல்லது. அதன் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். பிளாஸ்டிக் தொட்டி தென்காசிக்குக் கிழக்கே, வெயில் ஊர்களில் சரிப்படலாம், சாரல் அடிக்கிற இடத்தில் வேண்டாம். ஆழத்தைவிட அகலம் முக்கியம். ஒரு குட்டிக்கு 6 அங்குல வாய், வளர்ந்த செடிக்கு 8 முதல் 10 அங்குலம். அளவுக்கு மிஞ்சிய பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிக்கொண்டே இருக்கும். அடியில் சுண்டுவிரல் நுழைகிற துளை இருக்க வேண்டும். ஒரே துளை என்றால் இன்னும் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

துளையை உடைந்த ஓட்டுச் சில்லால் மூடுங்கள், வளைவு மேலே இருக்கட்டும். மண் வெளியே போகாது, தண்ணீர் போகும்.

மண் கலவை நான் வைப்பது: செம்மண் இரண்டு பங்கு, மணல் இரண்டு பங்கு, விரல் நகம் அளவுக்கு உடைத்த செங்கல் ஜல்லி ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் என்றால் வாளியில் போட்டு இரண்டு மூன்று தண்ணீர் கழுவி, மேலே வரும் மாவுத்தூளைக் கொட்டிவிடுங்கள். அந்தத் தூள் சிமெண்ட் மாதிரி இறுகிக்கொள்ளும். வயல் கரம்பை, அதாவது ஒட்டிக்கொள்ளும் களிமண், வேண்டவே வேண்டாம்.

நம் பக்கம் கதம்பைக்கு (தேங்காய் மட்டைக்கு) பஞ்சமில்லாததால் தென்னைநார்க் கழிவை எல்லாத் தொட்டியிலும் அள்ளிப்போடும் பழக்கம் உண்டு. ரோஜாவுக்குச் சரி. கற்றாழைக்கு அது பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நர்சரிப் பையிலிருந்து வரும் செடியின் வேரைச் சுற்றி பெரும்பாலும் இதுதான் இருக்கும். மாற்றி நடும்போது மெதுவாக உதிர்த்து எடுத்துவிடுங்கள்.

கலவை சரியா என்று பார்க்க: ஒரு கைப்பிடி எடுத்து நனைத்து அழுத்துங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி நின்றால் இன்னும் மணலும் ஜல்லியும் சேர்க்க வேண்டும்.

நடுதல்

மாசி, பங்குனி மாதங்கள்தான் நடவுக்கும் தொட்டி மாற்றவும் ஏற்றவை. குளிர் போயிருக்கும், மண் காய்ந்திருக்கும், சாரலுக்கு முன் வேர் பிடிக்க மூன்று மாதம் கிடைக்கும். ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வேரைத் தொடாதீர்கள். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்குத் தென்மேற்கின் சாரலும் உண்டு, வடகிழக்கின் அடைமழையும் உண்டு. அறுபட்ட வேர் ஈர மண்ணில் இருந்தால் புண்ணில் சேறு பட்ட மாதிரிதான்.

செடியை எடுத்து வேரில் கருத்தது, குழைந்தது எல்லாம் கத்தரித்து, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். வெட்டுவாய் ஆறட்டும். பிறகு, இலைகள் சேரும் அடிப்பகுதி மண்ணுக்குச் சற்று மேலே நிற்கும்படி நடுங்கள். இலையடி புதைந்தால் அங்கே நீர் கோத்து அழுகும். மேலே ஒரு விரற்கடை ஜல்லி பரப்பினால் மழைத்துளி மண்ணைத் தெறித்து இலையில் பூசாது. நட்டவுடன் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நாலைந்து நாள் பொறுத்து ஊற்றலாம். கை பரபரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம்

கிழக்குப் பார்த்த ஜன்னலோரம், திண்ணை விளிம்பு, முற்றத்துத் தாழ்வாரம். காலை வெயில் நாலைந்து மணி நேரம் பட்டால் இலை குண்டாகத் திரளும். வெளிச்சம் போதாவிட்டால் இலை மெலிந்து, வெளிறி, மல்லாந்து படுத்துக்கொள்ளும். உள்ளே இருந்த செடியை ஒரே நாளில் உச்சி வெயிலில் வைத்தால் செம்பழுப்பாக மாறும். அது சாகவில்லை, சூடு தாங்காத நிறம். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்துங்கள்.

தண்ணீர்: மாதக் கணக்கு

ஆள்காட்டி விரலை மண்ணில் இரண்டாம் கணு வரை விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் ஊற்றாதீர்கள். உலர்ந்திருந்தால், அடித்துளையில் வழிகிற வரை நன்றாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தினம் ஒரு மடக்கு ஊற்றுவதைவிட, எப்போதாவது நிறைய ஊற்றுவதுதான் இதற்குப் பழக்கமான வாழ்க்கை. இலைக்குருத்தின் குழியில் தண்ணீர் விழாமல் மண்ணில் ஊற்றுங்கள்.

என் வீட்டுக் கணக்கு இது. மாசி முதல் வைகாசி வரை வாரத்துக்கு ஒரு முறை, காற்றோட்டமில்லாத அறையில் பத்து நாளுக்கு ஒரு முறை. ஆனி தொடங்கினால் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள், சாரல் எட்டாத சுவரோரம் நகர்த்திவிடுவேன். அந்த மூன்று மாதமும் மூன்று வாரத்துக்கு ஒரு முறைகூட ஊற்றத் தேவைப்படாது, காற்றிலேயே ஈரம் இருக்கும். புரட்டாசியில் கொஞ்சம் வெயில் வரும், அப்போது ஓரிரு முறை. ஐப்பசி, கார்த்திகை மறுபடி உள்ளே. மார்கழி, தையில் இருபது நாளுக்கு ஒரு முறை. மலைமேல் கேரள எல்லையில் இருக்கிற கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம் மழை இன்னும் கனம் என்பதால், அங்கே இருப்பவர்கள் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதிலிருந்தே கூரைக்கு அடியில் மட்டும் வைப்பது நல்லது.

தாகமா, அழுகலா என்று இலையைப் பிடித்தே சொல்லிவிடலாம். தாகம் என்றால் இலை மெலிந்து, உள்பக்கம் குழிந்து, சுருக்கம் விழுந்து, தொட்டால் தோல் போல இருக்கும். அழுகல் என்றால் அடிப்பகுதி நீர் கோத்தாற்போல் கண்ணாடியாகத் தெரியும், விரல் அழுந்தும், வாடை வரும்.

அழுகல் தெரிந்தால் அன்றே பிடுங்குங்கள். சுத்தமான கத்தியால், வெட்டுவாயில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாத வரை தண்டை மேலே மேலே சீவுங்கள். நிழலில் ஐந்தாறு நாள் காய வைத்து, வெறும் மணலும் ஜல்லியும் கலந்த தொட்டியில் நிறுத்துங்கள். தண்டு கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் மீண்டும் வேர்விட வாய்ப்பு உண்டு. தண்டில்லாத தனி இலை வேர்விடாது, அதை நட்டு வைத்துக் காத்திருக்க வேண்டாம்.

அரிசி கழுவின தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு என்று கண்டதையும் போடாதீர்கள். பங்குனியில் ஒரு கைப்பிடி மண்புழு உரம், முடிந்தால் ஆவணியில் இன்னொன்று. அவ்வளவே போதும்.

பூச்சி

இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிந்தால் மாவுப்பூச்சி. எறும்பு ஏறுவது முதல் அறிகுறி, பூச்சி சுரக்கும் இனிப்புக்காக வரும். ஈரத்துணியால் துடைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் நாலு சொட்டுச் சோப்புக் கரைசலும் கலக்கி மாலையில் தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். தெளித்த செடியிலிருந்து அந்தக் காலத்தில் இலை வெட்டாதீர்கள்.

குட்டி பிரித்தல்

ஒன்றரை, இரண்டு வருடத்தில் தாயைச் சுற்றிக் குட்டிகள் எழும். விரல் நீளத்திலேயே பிடுங்கினால் பிழைப்பது சிரமம். நாலைந்து இலையோடு ஒரு சாண் உயரம் வரட்டும். தொட்டியைக் கவிழ்த்து, மண்ணை உதிர்த்து, குட்டிக்குச் சொந்த வேர் இருக்கிறதா பாருங்கள். தாயோடு ஒட்டிய இடத்தில் கத்தியால் நறுக்கி, இரண்டு மூன்று நாள் காய வைத்து நடுங்கள். எல்லாக் குட்டியையும் தாயிடமே விட்டால் தொட்டி நெரிந்து, எதுவும் பருக்காது.

இலை வெட்டுவது

இதில் அவசரம் கூடாது. குறைந்தது எட்டு இலை, ஒன்றரை முழமாவது பரப்பு, இரண்டு மூன்று வயது ஆன செடியில்தான் கை வைக்க வேண்டும். எப்போதும் வெளிவட்டத்து முதிர்ந்த இலை. குருத்தைத் தொடாதீர்கள். ஒரு முறைக்கு ஒன்று அல்லது இரண்டு இலை. தண்ணீர் ஊற்றிய மறுநாள் வேண்டாம், வெட்டுவாய் உலர வேண்டும்.

வெட்டியதும் அடியில் மஞ்சளாக ஒரு பால் கசியும். தோலுக்கும் சதைக்கும் நடுவே இருக்கிற நீர் அது. கடுங்கசப்பு. அதைக் காய்ச்சி உலர்த்தியதுதான் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கரியபோளம். அலோயின் என்கிற பொருள் அதில் இருப்பதால் வயிற்றை முறுக்கிப் பேதியாக்கும். இந்தப் பாலில் செய்த மலமிளக்கிகளை, பாதுகாப்புக்கு ஆதாரம் தரப்படாததால், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2002-ல் கடைகளிலிருந்து நீக்கச் சொன்னது. பால் நீக்காத முழு இலைச் சாறைக் குடித்த எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டி வந்ததை வைத்து, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அந்தச் சாறை மனிதருக்கும் புற்றுநோய் தரக்கூடும் என்கிற 2பி பிரிவில் சேர்த்திருக்கிறது. இலையை அப்படியே தோலோடு மிக்ஸியில் அடித்துக் குடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வெட்டிய இலையை வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் சாய்த்து நிறுத்துங்கள். அரை மணி நேரத்தில் டம்ளர் அடியில் மஞ்சள் தேங்கும். அதைக் கொட்டிவிட்டு, இலையின் அடியில் ஒரு அங்குலம் வெட்டி எறியுங்கள். இரண்டு ஓர முட்களையும் நீளவாக்கில் சீவி, தட்டையான பக்கத்துத் தோலை மீன் செதில் எடுக்கிற மாதிரி கத்தியைப் படுக்கவைத்து உரியுங்கள். பச்சைத் தோலை ஒட்டிய மஞ்சள் படலம் சதையில் வரக்கூடாது. கண்ணாடி போன்ற சதையைத் துண்டு போட்டு, ஏழு தண்ணீர் கழுவ வேண்டும் என்பது பழைய கணக்கு. ஏழோ ஒன்பதோ, கசப்பும் வழுவழுப்பும் குறைகிற வரை கழுவுங்கள். நுனிநாக்கில் வைத்தால் சப்பென்று இருக்க வேண்டும்.

மூடிய கண்ணாடிக் கிண்ணத்தில் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். இளஞ்சிவப்பு ஏறினால் கொட்டிவிடுங்கள். மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் ஒரு மாதம் தாங்கும்.

எதற்கெல்லாம்

சிறு சூட்டுக் காயத்துக்குத்தான் எங்கள் வீட்டில் அதிகம் செலவாகும். தோசைக்கல் சுட்டால் முதலில் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், அதை விட்டுவிட்டு நேரே கற்றாழைக்கு ஓடாதீர்கள். சூடு தணிந்த பிறகு, தோல் சிவந்திருக்கும் இடத்தில் மட்டும் சதையை மெல்லிசாகப் பூசலாம். கொப்புளம் உடைந்தது, தோல் உரிந்தது, உள்ளங்கை அகலத்துக்கு மேற்பட்டது, குழந்தையின் காயம் என்றால் ஆஸ்பத்திரிதான். எக்ஸ்-கதிர் சிகிச்சையால் புண்ணான தோலுக்குக் கற்றாழையைப் பயன்படுத்திய மருத்துவக் குறிப்பு 1935-லேயே அமெரிக்காவில் வெளியானது. நவீன மருத்துவத்தின் கவனம் இதன் பக்கம் திரும்பியதில் அதற்கும் பங்கு உண்டு.

முகத்தில் பூசுமுன் முழங்கை உள்பக்கம் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். அரித்தால் உங்களுக்கு ஆகாது. பெரும்பாலும் கழுவாமல் பூசுவதால்தான் அரிக்கிறது.

மோர் என்றால் ஒரு ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி கழுவிய சதை, ஒரு டம்ளர் மோர், இஞ்சித் துண்டு, உப்பு. எப்போதாவது வெயிலுக்குக் குடிப்பதோடு நிறுத்துங்கள், தினசரி மருந்தாக வேண்டாம். கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், சிறு குழந்தைகள் உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது. சர்க்கரைக்கோ இதயத்துக்கோ நீர் பிரியவோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். வீட்டில் பூனை, நாய் இருந்தால் செடியை உயரத்தில் வையுங்கள். கடித்தால் அவற்றுக்கு வாந்தியும் பேதியும் வரும்.

பெரியம்மை கை எண்ணெய்

கால் லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு 100 கிராம் கழுவிய சதை. சதையை மெல்லிய துணியில் பரப்பி ஒரு மணி நேரம் ஈரம் போக்குங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் தெறித்து முகத்தில் விழும். அடிகனமான உருளியில் ஆறிய எண்ணெயிலேயே துண்டுகளைப் போட்டு, நாலு சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) நசுக்கிச் சேர்த்து, ஒரு இணுக்குக் கறிவேப்பிலையும் போட்டு, பிறகு சிறு தீ மூட்டுங்கள்.

முதலில் சத்தமே இருக்காது. பத்து நிமிடத்தில் சடசடவென்று பொரியும், எண்ணெய் முழுக்க நுரை கட்டும். அது சதையின் தண்ணீர் வெளியேறுகிற சத்தம். அடுப்பை விட்டு நகராதீர்கள், கரண்டியால் அடி தட்டாமல் கிளறிக்கொண்டே இருங்கள். துண்டுகள் சுருங்கிச் சுருங்கி, உளுந்து அளவாகிப் பழுக்கும். நுரை அடங்கும். சத்தம் நின்றதும் பெரியம்மை உருளி மேல் காதைச் சாய்த்து ஒரு நிமிடம் கேட்பார், பிறகுதான் இறக்குவார். சத்தம் மிச்சமிருக்கும்போதே இறக்கினால் எண்ணெயில் நீர் தங்கி, பத்தே நாளில் சிக்கு வாடை அடிக்கும். சத்தம் நின்ற பிறகும் விட்டால் உள்ளி கருகி எண்ணெய் கசக்கும்.

முழுக்க ஆறிய பிறகு வெள்ளைத் துணியில் வடிகட்டி, வெயிலில் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். ஈரக் கரண்டி போடாமல் இருந்தால் மூன்று மாதம் நிற்கும். துணியில் மிஞ்சிய மண்டியைப் பிழிந்து, எண்ணெயாய் இருக்கும் கையை அப்படியே வெடித்த குதிகாலில் தடவிவிட்டு உட்காருவார் பெரியம்மை. உரித்த தோலும் முள்ளும் உரக்குழிக்குப் போகும்.